கிரனோலா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: காலைச் சாப்பாட்டுக்கு ஆகுமா என்று முடிவு செய்வது எப்படி

கிரனோலா உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், எந்த கிரனோலா, எத்தனை கிராம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கோளாறு பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று, அதில் போட்டிருக்கும் சர்க்கரை. இன்னொன்று, கிண்ணத்தில் நாம் கொட்டிக்கொள்ளும் அளவு. முதலாவதைப் பாக்கெட்டின் பின்பக்கம் சொல்லிவிடும். இரண்டாவதை நாம்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

செய்முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஓட்ஸ், முந்திரி, பாதாம், விதைகள் எல்லாவற்றையும் எண்ணெயிலும் தேன் அல்லது சர்க்கரைப் பாகிலும் புரட்டி, ஓவனில் மொறுமொறுவென்று வாட்டி எடுப்பார்கள். கடலை மிட்டாயை உதிர்த்து ஓட்ஸோடு கலந்தால் என்ன வருமோ, கிட்டத்தட்ட அதுதான். பக்கத்தில் அடுக்கியிருக்கும் மியூஸ்லி, முறைப்படி பார்த்தால் எண்ணெயும் பாகும் சேர்க்காதது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் மியூஸ்லி என்ற பெயரில் சர்க்கரை பூசிய சோள அவல் கலந்ததும் விற்கிறார்கள். அதனால் பெயரை நம்பாமல் இரண்டையும் ஒரே மாதிரி சோதித்து வாங்குங்கள்.

புதுச்சேரிக்காரர்கள் இதில் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்கக் காரணம் உண்டு. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) INDIAB ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் அது 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்த இடம். நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் ஊரில் 'ஆரோக்கியமான காலை உணவு' என்ற பெயரில் பாகு பூசிய ஓட்ஸ் வீட்டுக்குள் வந்தால், அதை ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

பின்பக்கத்தைப் படிக்கும் வரிசை

முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். வயல், தேன் சொட்டு, பாதாம் படம் எல்லாம் விளம்பரம். நேராகப் பொருள் பட்டியலுக்குப் போங்கள். எடையில் அதிகமாக இருப்பது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் அதை அச்சிட வேண்டும் என்பது உணவுத் தரத்தைக் கவனிக்கும் மத்திய அரசு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி. முதலில் ஓட்ஸ் இருக்க வேண்டும். இரண்டாவது மூன்றாவது இடத்தில் முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்போ விதையோ இருந்தால் நல்ல அறிகுறி. அங்கே சர்க்கரையோ பாகோ வந்தால் அது தின்பண்டக் கணக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சர்க்கரையை ஒரே பெயரில் போட்டால் பட்டியலில் மேலே ஏறிவிடும். தேன், வெல்லம், பழுப்புச் சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், ரைஸ் சிரப் என்று நாலைந்தாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். கூட்டிப் பார்த்தால் ஓட்ஸுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். மாவுச் சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற தூளையும் இந்தக் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது, ரத்தத்தில் வேகமாகக் குளுக்கோஸாக மாறிவிடும். தேன், வெல்லம் என்றால் சர்க்கரை இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர். வெல்லத்தில் கொஞ்சம் தாதுச் சத்து உண்டு, ஆனால் காலைக் கிண்ணத்தில் விழும் அளவுக்கு அது கணக்கில் வராது.

'பாதாம் கிரனோலா' என்று பெயர் இருந்தால் பட்டியலில் பாதாமுக்குப் பக்கத்தில் சதவீதம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 4 சதவீதம் என்றால் 40 கிராம் கிண்ணத்தில் பாதாம் 1.6 கிராம். முழுசாக இரண்டு பாதாம்கூட இல்லை.

அடுத்து எண்ணெய். பாமாயில் அல்லது பாமோலின் என்றால் நிறைகொழுப்பு (saturated fat) கூடும். தேங்காய் எண்ணெய் போட்டது இயற்கை அங்காடிகளில் நிறைய கிடைக்கும். அதில் நிறைகொழுப்பு பாமாயிலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவாக இருந்தாலும் இந்த விஷயத்தில் பரவாயில்லை.

பிறகு சத்து அட்டவணை. அதில் 100 கிராமுக்கு என்ற பத்தியை மட்டும் பாருங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தி ஒரு நிறுவனத்துக்கு 30 கிராம், இன்னொன்றுக்கு 45 கிராம் என்று மாறும். அதை வைத்து இரண்டு பாக்கெட்டை ஒப்பிட முடியாது. எங்கள் கணக்கு இப்படி: சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 10 கிராமுக்குள் இருந்தால் தினசரிக்கு ஆகும். 15 வரை எப்போதாவது. 20-ஐத் தாண்டினால் அது மாலை நேரத் தீனி, காலைச் சாப்பாடு என்று சொல்லாதீர்கள். நார்ச்சத்து 6 கிராமுக்குக் குறையக் கூடாது. 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போட்டுக்கொள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்திருக்கும் எல்லையும் அதுதான். புரதம் 10 கிராமுக்கு மேல், நிறைகொழுப்பு 5 கிராமை ஒட்டி இருந்தால் போதும். கலோரி எந்த கிரனோலாவிலும் 400-க்கும் 500-க்கும் நடுவில்தான் நிற்கும். அதை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது, ஏனென்றால் பருப்பு கூடினாலும் கலோரி கூடும், பாமாயில் கூடினாலும் கூடும்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்டிருந்தால் 'மொத்தச் சர்க்கரை' வரியைப் பாருங்கள். பேரீச்சை, திராட்சை போட்டு இனிப்பாக்கியிருந்தால் சேர்த்த சர்க்கரை பூஜ்யம் என்று வரும், மொத்தம் 20-க்கு மேல் நிற்கும். பேரீச்சையில் நார்ச்சத்து உண்டு என்பதால் லிக்விட் குளுக்கோஸுக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் சர்க்கரை நோயாளி அந்த வாசகத்தை நம்பி இரண்டு கிண்ணம் சாப்பிடக் கூடாது.

சதவீதப் பத்தியிலும் ஒரு விஷயம் உண்டு. அங்கே சேர்த்த சர்க்கரைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். உலக சுகாதார அமைப்பு, முடிந்தால் இதில் பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது என்கிறது, அதாவது 25 கிராம். ஆகவே பாக்கெட்டில் 12 சதவீதம் என்று இருந்தால் மனசுக்குள் 24 என்று படியுங்கள்.

கிண்ணத்தை நிறுத்துப் பாருங்கள்

நல்ல பாக்கெட் வாங்கியும் எடை ஏறுகிறது என்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். சமையலறைத் தராசில் உங்கள் வழக்கமான கிண்ணத்தை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தினமும் கொட்டுவது போலவே கொட்டுங்கள், குறைத்துக் காட்ட வேண்டாம். 80, 100 கிராம் என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். சோள அவலோ பொரியோ கிண்ணம் நிறைய எடுத்தாலும் 30 கிராமில் நிற்கும். கிரனோலா கனமானது, 200 மில்லி டம்ளர் நிறைய எடுத்தால் கிட்டத்தட்ட 90 கிராம் வந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பாக்கெட்டில் 100 கிராமுக்கு 460 கலோரி, சேர்த்த சர்க்கரை 20 கிராம், பரிமாறும் அளவு 30 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் அளவில் 138 கலோரி, சர்க்கரை 6 கிராம். பார்க்க ரொம்ப ஒழுங்காக இருக்கும். டம்ளர் அளவில் கொட்டினால் 414 கலோரி, சர்க்கரை 18 கிராம், அதாவது நாலரை டீஸ்பூன். காபிக்கு யாராவது நாலரை ஸ்பூன் போட்டால் வீட்டில் விடுவார்களா? இதற்கு மேல் பால், தேன் எல்லாம் தனி.

பெரியவர்களுக்கு 40 கிராம் போதும். சமமாக வழித்தால் ஆறு டேபிள்ஸ்பூனை ஒட்டி வரும். ஒருமுறை தராசில் நிறுத்து, வீட்டில் இருக்கும் ஒரு குழிக்கரண்டியில் அது எந்த மட்டம் வரை வருகிறது என்று பார்த்து, அந்தக் கரண்டியை டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். கையால் அள்ளுவதும் பாக்கெட்டைச் சாய்த்துக் கொட்டுவதும் அன்றோடு நிற்க வேண்டும்.

வெறும் 40 கிராம் யாருக்கும் பசி ஆற்றாது, அதுவும் உண்மைதான். அதனால் கிரனோலாவை மேலே தூவும் பொருளாக வைத்து, கீழே வேறு சாப்பாடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பில்லாத கெட்டித் தயிர் 150 கிராம், சின்ன வாழைப்பழம் ஒன்று அல்லது அரை கொய்யா, மேலே 40 கிராம் கிரனோலா, கூட ஒரு அவித்த முட்டை. சுமாராக 430 கலோரி, புரதம் 15 கிராமை ஒட்டி வரும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கைப்பிடி சுண்டல் சேர்த்துக்கொள்ளலாம். தயிரோடு எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள், தனியாகச் சாப்பிடுங்கள். பழச்சுவைத் தயிர்க் கப் வேண்டாம், அதிலேயே இன்னொரு பங்கு சர்க்கரை ஒளிந்திருக்கும்.

ஓட்ஸ் கொழுப்பைக் குறைக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது பொய் இல்லை. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து ஒரு நாளைக்கு 3 கிராம் உள்ளே போனால் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைகிறது. ஆனால் அந்த 3 கிராமுக்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். 40 கிராம் கிரனோலாவில் ஓட்ஸ் 20, 25 கிராம்தான் இருக்கும். கொழுப்புக்காகத்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஓட்ஸ் கஞ்சியோ ஓட்ஸ் உப்புமாவோ நேர்வழி.

இட்லியை விட்டுவிட்டு இதற்கு மாற வேண்டுமா என்றால், அப்படி ஒரு அவசியமும் இல்லை. மூன்று இட்லி, பருப்பும் காயும் நிறையப் போட்ட சாம்பார் என்பது விலையிலும் வயிறு நிறைவதிலும் கிரனோலாவைத் தாண்டி நிற்கும். இட்லியின் குறை நார்ச்சத்து. அதைச் சாம்பார்க் காய்தான் ஈடுகட்ட வேண்டும், வெறும் தேங்காய்ச் சட்னியோடு நிறுத்தினால் நடக்காது. கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ் குடிக்கும் வீடுகளுக்கு கிரனோலாவால் புதிதாக ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. அடுப்பு பற்றவைக்க நேரமில்லாமல் கடலூரிலிருந்து காலை ஆறரைக்குப் பஸ் ஏறுபவர்களுக்கும், பிஸ்கட்டும் டீயுமாகக் காலையை ஓட்டுபவர்களுக்கும்தான் இது உண்மையான முன்னேற்றம்.

லேபிள் இல்லாத இடத்தில்

ஆரோவில் பக்கத்து இயற்கை அங்காடிகளிலும் புதுச்சேரியில் வீட்டிலிருந்து செய்து விற்பவர்களிடமும் கண்ணாடிப் பாட்டிலில் கிடைக்கும். சுவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பாட்டிலில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், செய்த தேதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சத்து அட்டவணை இல்லாவிட்டால் ஒரு கிலோ ஓட்ஸுக்கு எவ்வளவு தேன் அல்லது வெல்லம் போடுகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். 150, 200 கிராம் என்றால் வாங்கலாம். அரைக் கிலோ என்றால் வேண்டாம். பதில் சொல்லத் தயங்கினாலும் வேண்டாம்.

கண்ணாலேயே ஒரு சோதனை உண்டு. பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். எலுமிச்சை அளவுக் கட்டிகளாக, பளபளவென்று, ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் பாகு அதிகம். ஓட்ஸைக் கட்டியாகப் பிடித்து வைக்க அவ்வளவு பாகு தேவைப்படுகிறது. உதிரியாக, மங்கலான நிறத்தில், பருப்பு தனியாகத் தெரிந்தால் பாகு குறைவு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கட்டியாக்குபவர்களும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு இன்னொன்று செய்யலாம்: ஒரு டேபிள்ஸ்பூனை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, வடிகட்டி அந்தத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். சர்பத் மாதிரி இனித்தால் தெரிந்துவிடும்.

புதுச்சேரி ஒயிட் டவுன் கஃபேக்களில் வரும் கிரனோலா கிண்ணத்தில் பிரச்சினை பெரும்பாலும் மேலே ஊற்றும் தேன்தான். தேனைத் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள், தயிர் இனிப்புப் போட்டதா என்று கேளுங்கள். ஸ்மூத்தி ஊற்றி அதன் மேல் கிரனோலா போட்டுத் தருவது காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்த அளவு. சுற்றுலா வந்தவர்கள் ஒரு நாள் சாப்பிடுவதில் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

வீட்டிலேயே செய்தால்

சர்க்கரையை நம் கட்டுப்பாட்டில் வைக்க இதுதான் சுலபமான வழி. அதோடு பண்ருட்டி பக்கத்தில் இருந்துகொண்டு முந்திரிக்காகப் பாக்கெட் கிரனோலா வாங்குவது கொஞ்சம் அநியாயம். உடைந்த முந்திரி போதும், முழு முந்திரியைவிட விலை குறைவு, ஓட்ஸோடு நன்றாகவும் கலக்கும்.

ரோல்டு ஓட்ஸ் 250 கிராம், உடைந்த முந்திரி 60 கிராம், தோல் நீக்கிய நிலக்கடலை 60 கிராம், எள்ளும் பூசணி விதையும் சேர்த்து 30 கிராம். பாகுக்கு வெல்லம் 40 கிராம், கடலை எண்ணெய் 30 கிராம், தண்ணீர் இரண்டு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்த் தூள் கொஞ்சம். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வாங்கிவிடாதீர்கள், பாகு பட்டதும் மாவாகி அடியில் தங்கும்.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். வடிகட்டியதை மறுபடி அடுப்பில் வைத்து எண்ணெய், உப்பு, ஏலக்காய் சேர்த்து நுரைத்துப் பொங்கியதும் இறக்குங்கள். கம்பிப் பதம் வரை போனால் ஓட்ஸில் ஒரே சீராகப் பரவாது, அங்கங்கே உருண்டையாக நிற்கும். சூடாக இருக்கும்போதே மற்ற எல்லாவற்றிலும் ஊற்றி, ஒவ்வொரு ஓட்ஸும் லேசாக நனையும் வரை கிளறுங்கள். 40 கிராம் வெல்லம் இவ்வளவுக்குப் பற்றாதது போலத் தோன்றும், இன்னும் கொஞ்சம் ஊற்றக் கை போகும். ஊற்றாதீர்கள்.

ஓடிஜியை (மேசையில் வைக்கும் மின்சார ஓவன்) 150 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நடுத் தட்டில் 25 முதல் 30 நிமிடம். பத்தாவது, இருபதாவது நிமிடத்தில் ஓரத்தில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவந்து கிளறுங்கள், ஓரம்தான் முதலில் கருகும். வெளியே எடுக்கும்போது தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளினால் முந்திரி கசந்துவிடும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். திராட்சையை முழுக்க ஆறிய பிறகு சேருங்கள், முன்பே போட்டால் கல்லாகிப் பல்லைப் பதம் பார்க்கும்.

ஓவன் இல்லையா, கனமான இரும்பு வாணலி போதும். ஓட்ஸை மட்டும் சின்னத் தீயில் எட்டு, பத்து நிமிடம் வாசனை வரும் வரை வறுங்கள். பருப்பையும் விதையையும் தனித்தனியாக வறுங்கள். எள் வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும், முந்திரிக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அடுப்பை அணைத்துப் பாகைக் கலந்து, திரும்பச் சின்னத் தீயில் ஐந்து நிமிடம் கைவிடாமல் கிளறித் தட்டில் கொட்டிப் பரப்புங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே அடி பிடிக்கும்.

இந்த அளவுக்குச் சுமார் 450 கிராம் வரும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 485 கலோரி, சேர்த்த சர்க்கரை 8 கிராம், புரதம் 14, நார்ச்சத்து 7-க்கு மேல். 40 கிராம் எடுத்தால் 195 கலோரி, சர்க்கரை ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. வீட்டில் செய்தது என்பதால் கலோரி குறைந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள், கரண்டிக் கணக்கு இதற்கும் உண்டு.

யார் யோசித்துச் சாப்பிட வேண்டும்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் லேபிளைவிடத் தங்கள் குளுக்கோமீட்டரை நம்பலாம். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். வேறொரு நாள் அதே நேரத்தில் வழக்கமான இட்லிக்கும் பாருங்கள். எதற்கு அதிகம் ஏறுகிறதோ அதைக் குறிப்பிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பு வகைகளில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் சிக்கலாகலாம், கேட்காமல் தொடங்காதீர்கள். கோதுமை ஒவ்வாதவர்களுக்குச் சாதாரண ஓட்ஸும் ஆகாது, ஆலையிலேயே கோதுமை கலந்துவிடும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதுவும் கூடாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள்.

கடற்கரைக் காற்றில் வைத்துக்கொள்வது

புதுச்சேரியிலும் கடலூரிலும் கிரனோலாவுக்குப் பெரிய எதிரி ஈரக் காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த பாக்கெட் ஒரே நாளில் நமுத்துவிடும். தேனும் வெல்லமும் ஈரத்தை இழுக்கும், அதனால் இனிப்பு அதிகமான கிரனோலா சீக்கிரம் பிசுபிசுக்கும். பாக்கெட்டுக்குக் கிளிப் போடுவது பற்றாது. இறுக மூடும் எவர்சில்வர் தூக்கிலோ ரப்பர் வளையம் வைத்த கண்ணாடிப் பாட்டிலிலோ மாற்றுங்கள். வீட்டில் செய்ததை இம்மியளவு சூடு இருக்கும்போது மூடினாலும் உள்ளேயே வேர்த்து நமுத்துவிடும். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. வாரத் தேவைக்குச் சின்னப் பாட்டில் ஒன்று, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும்.

நமுத்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 120 டிகிரியில் எட்டு நிமிடம், அல்லது வாணலியில் சின்னத் தீயில் நாலைந்து நிமிடம் வாட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். திராட்சை இருந்தால் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு வாட்டுங்கள். மூடியைத் திறந்ததும் பழைய எண்ணெய் போலக் காறல் வாடை அடித்தாலோ, முந்திரியைக் கடித்தால் தொண்டையில் கரகரத்தாலோ, எவ்வளவு வாட்டினாலும் சரிவராது. அதைக் கொட்டிவிட்டு, அடுத்த தடவை பாதி அளவு செய்யுங்கள்.